காலியம் தின்ற இழை

லாவண்யா எங்கள் லேபுக்கு வந்த அன்று வாசலில் நின்று முதலில் கேட்டது, "செருப்பை எங்கம்மா விடணும்?" என்றுதான். வக்கீல் வந்தாச்சா, சிப் பத்திரமா இருக்கா, எதுவும் கேட்கவில்லை. நர்ஸ் இல்லையா, சுத்தமான அறை என்றால் கால் தானாக நின்றுவிடுகிறது. செருப்போடு சேர்த்து மாட்டிக்கொள்ளும் நீல உறை ஒரு ஜோடி எடுத்துக் கொடுத்தேன். குனிந்து மாட்டும்போது அதன் ரப்பர் அவள் கையிலிருந்து நழுவி நழுவிப் போனது. எத்தனையோ பேருக்கு நரம்பு தேடி ஊசி போட்ட கை.

"நிதானமா மாட்டிக்கோம்மா. மெஷின் எங்கயும் ஓடிப் போயிடாது" என்றேன்.

"ஓடாம இருந்தா சரிதாங்கம்மா. ஒண்ணு ஓடினதாலதான் நான் இங்க வந்து நிக்கிறேன்" என்றாள். சிரிக்கவில்லை.

எலெக்ட்ரானிக் சிட்டியில், மேம்பாலம் இறங்குகிற இடத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் லேப். கெட்டுப்போன சிப்பை அறுத்துப் பார்த்து ஏன் கெட்டது என்று சொல்வது எங்கள் வேலை. "போஸ்ட்மார்ட்டம் மேன், வேற என்னா" என்பான் க்ளென். அவன்தான் லேபுக்குப் பொறுப்பு. காக்ஸ் டவுன் ஆங்கிலோ-இந்தியன், தமிழை நம்மைவிட வேகமாகப் பேசுவான். நான் பாகீரதி, ஆசிட் ரூம். ரிட்டையராகி வீட்டில் பேரனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவளை அவன்தான் கூட்டி வந்து உட்கார வைத்தான். சிப்பின் மேலிருக்கும் கறுப்புப் பிளாஸ்டிக்கைச் சூடான ஆசிட் விட்டுக் கரைத்து, உள்ளே இருக்கிற சிலிக்கானைக் காயமில்லாமல் வெளியே கொண்டுவருவது என் பாடு. அதற்கப்புறம் அது நிருபமாவிடம் போய்விடும்.

நிருபமா மல்லேஸ்வரத்துப் பெண். தாத்தா காலத்திலேயே சர்க்கார் உத்தியோகத்துக்கு இங்கே வந்து தங்கிவிட்ட குடும்பம். தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பாள். சிப்பை அறுக்கும் அயனி பீம் மெஷினை ஓட்டுவது அவள்தான். அவள் கை பட்டு ஒரு சிப் வீணானதாக நான் கேட்டதே கிடையாது. இதை இப்போதே சொல்லி வைக்கிறேன். பின்னால் வேறு மாதிரி எழுதிவிட்டார்கள்.

விஷயம் இதுதான். லாவண்யா தர்மபுரிப் பக்கம். அப்பா அர்ஜுனன் ஹெப்பகோடியில் ஒரு கம்பெனியில் லோடிங்கில் இருக்கிறார். இவள் நர்சிங் படித்துவிட்டு இங்கே ஒரு சின்ன நர்சிங் ஹோமில் சேர்ந்தாள். அங்கே ஒரு பெரியவருக்கு பம்ப் வைத்து மருந்து ஏற்றினார்கள். கட்டிலோரத்தில் கம்பியில் மாட்டியிருக்குமே, பச்சை எண் ஒளிரும் பெட்டி, அதுதான். மணிக்கு ஐந்து மில்லி என்று போட்டு, பார்த்து, ஸ்டார்ட் அழுத்திவிட்டுப் பக்கத்து வார்டுக்குப் போனாள். திரும்பி வருவதற்குள் மருந்து மொத்தமும் உள்ளே போயிருந்தது. பெரியவர் போய்விட்டார். பதற்றத்தில் யாரோ பம்ப்பின் ஒயரைப் பிடுங்கிவிட்டதால் திரையில் என்ன எண் இருந்தது என்று பார்க்க ஒரு வழியும் இல்லை. ஐந்துக்குப் பதில் ஐம்பது போட்டுவிட்டாள், பார்க்காமல் அழுத்திவிட்டாள் என்றது நர்சிங் ஹோம். போலீஸ் கேஸ் ஆனது. நர்ஸ் என்ற பதிவையே எடுத்துவிடலாமா என்று ஒரு விசாரணைக் கமிட்டி உட்கார்ந்தது.

இவள் வக்கீல் கெட்டிக்காரர். பம்ப்பின் உள்ளே இருக்கும் சிப்பை வெளி லேபில் காட்ட வேண்டும் என்று கேட்டு வாங்கிவிட்டார். இரண்டு தரப்பும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இவள் பக்கத்துக்கு இவளே வந்தாள். பம்ப் கம்பெனிப் பக்கத்துக்கு ரித்விக் என்று ஒரு எஞ்சினியர், வைட்ஃபீல்டிலிருந்து. சிப்பில் கோளாறு கண்ணால் பார்க்கும்படி கிடைத்தால் லாவண்யா நர்ஸ். கிடைக்காவிட்டால் இல்லை, ஜெயிலும் வரலாம். உளுத்தம்பருப்பில் பாதி இருக்குமா அந்தச் சிலிக்கான் துண்டு, அதில் போய் உட்கார்ந்திருந்தது ஒரு பெண்ணின் பெயர்.

நான் பிளாஸ்டிக்கைக் கரைத்துக் கொடுத்தேன். சூட்டைப் பார்க்கும் காமிராவின் கீழே வைத்து மின்சாரம் கொடுத்தபோது ஒரு ஓரத்தில் புள்ளியாக மினுங்கியது. பக்கத்துப் பக்கத்தில் ஓடும் இரண்டு உலோகக் கோடுகளுக்கு நடுவில். ஒரு கோடு மோட்டாருக்கு வேகம் சொல்வது. இன்னொன்றில் எப்போதும் மின்சாரம் இருக்கும். இரண்டும் தொட்டுக்கொண்டால் திரையில் ஐந்து என்று இருந்தாலும் மோட்டார் தன் இஷ்டத்துக்கு ஓடும். டெஸ்ட் பெஞ்சில் மோட்டாரோடு இணைத்துப் பார்த்தோம். பல தடவை ஒழுங்காக ஓடியது, ஒரே ஒரு தடவை பிய்த்துக்கொண்டு ஓடியது.

"பாத்தீங்களா!" என்றாள் லாவண்யா.

ரித்விக் தலையை ஆட்டினான். கெட்ட பையன் இல்லை. "சூடு தெரியறது, நான் இல்லேங்கல. ஆனா காரணம் தெரியணுமே மேடம். டெஸ்ட் ஒயர் லூஸா இருந்திருக்கலாம். பம்ப் கீழ விழுந்திருக்கலாம். ஆசிட் விட்டீங்களே, அதனால கூட..."

"என் ஆசிட்டா?" என்றேன். "உன் வயசை விட ஜாஸ்தி வருஷமா இந்த வேலை பாக்கறேன்ப்பா."

"உங்களைச் சொல்லல ஆன்ட்டி. கமிட்டில கேப்பாங்க. படம் இருந்தா நானே ஒத்துப்பேன். அங்க ஒரு மெட்டல் துணுக்கு ஃபாக்டரிலயே நின்னுபோயிருக்குன்னு படத்துல காட்டிடுங்க, எங்க ஆளுங்க வாயைத் திறக்க மாட்டாங்க."

நியாயமான பேச்சுதான். அந்தப் படத்தை எடுக்க உலகத்தில் ஒரே வழி பீம்.

அந்த மெஷினைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். காலியம் என்று ஒரு உலோகம். உள்ளங்கையில் வைத்தால் அந்தச் சூட்டுக்கே வெண்ணெய் மாதிரி உருகிவிடும். டங்ஸ்டன் ஊசி ஒன்றின் நுனியில் அதைப் பூசி, மெஷினின் உச்சியில் வைத்திருப்பார்கள். லேசாகச் சூடாக்கி, கீழேயிருந்து ஆயிரக்கணக்கான வோல்ட்டில் இழுத்தால் அந்த உருகின காலியம் ஊசி முனையில் கூம்பு மாதிரி நீண்டு, அதன் நுனியிலிருந்து அணு அணுவாகப் பிய்ந்து கிளம்பும். கிளம்பும்போதே ஒரு எலெக்ட்ரானைத் தொலைத்துவிடும். அதற்குத்தான் அயனி என்று பெயர். எதையோ பறிகொடுத்தவன் ஓடுகிற மாதிரி ஓடும். உள்ளே காற்றே இருக்கக் கூடாது, இருந்தால் முட்டிச் சிதறிவிடும். வழியில் லென்ஸ் உண்டு, ஆனால் கண்ணாடி இல்லை. மின்சாரம் ஏற்றிய வளையங்கள். அவைதான் அத்தனையையும் ஒடுக்கி ஒரே புள்ளியில் இறக்குகின்றன.

இதில் கவனிக்க வேண்டியது துவாரத் தகடு. முறுக்கு அச்சுக்குத் தட்டு மாற்றுவோமே, ஓமப்பொடிக்குச் சின்னத் துளை, தேன்குழலுக்குப் பெரிய துளை, அதே கதைதான். சின்னத் துளை வழியாக விட்டால் பிகோ ஆம்பியர் கணக்கில் சொட்டும். அதில் பார்க்கலாம். பெரிய துளை என்றால் நானோ, பிகோவைப் போல ஆயிரம் மடங்கு கொட்டும். அதில் பள்ளம் தோண்டலாம். பார்ப்பதும் தோண்டுவதும் இந்த மெஷினுக்கு ஒரே காரியம். அயனி போய் மோதினால்தான் படம் வரும், மோதினால் அந்த இடம் கொஞ்சம் பெயரும். பிகோவில் பெயர்வது தெரியாது. நானோவில் கண்ணெதிரே போகும்.

அதனால் எங்கள் லேபில் ஒரு பழக்கம் உண்டு. பீமை ஆன் பண்ணுமுன் ஓட்டுகிறவர் எண்ணைச் சத்தமாகச் சொல்ல வேண்டும், பக்கத்தில் இருப்பவர் திரையைப் பார்த்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். "பத்து பிகோ." "பத்து பிகோ, போ." க்ளென் கொண்டுவந்தது. சர்ச்சில் ஜெபம் சொல்கிற மாதிரி இருக்கிறது என்று புதிதாக வருகிறவர்கள் சிரிப்பார்கள். லாவண்யா மட்டும் சிரிக்கவில்லை.

"எங்ககிட்டயும் இது உண்டு மேடம்" என்றாள் நிருபமாவிடம். "ஸ்ட்ராங் மருந்துன்னா ரெண்டு நர்ஸ் நின்னு படிக்கணும். ஒருத்தர் சொல்லணும், இன்னொருத்தர் பாத்துச் சொல்லணும்."

"அன்னிக்கு யார் படிச்சா?"

"யாரு இருந்தா படிக்க? மூணு வார்டுக்கு நான் ஒருத்திதான். நானே சொல்லி நானே திருப்பிச் சொல்லிக்கிட்டேன். அஞ்சு. அஞ்சு. அதை யாரும் சாட்சியா எடுத்துக்க மாட்டேங்கிறாங்க."

நிருபமா அவள் தோளைத் தட்டினாள். "பயப்படபேடா. இருந்தா எடுத்துடலாம். நீ பக்கத்துலயே உக்காரு."

வேலை ஆரம்பித்தது. கோடுகளுக்கு மேலே கண்ணாடி மாதிரி மெல்லிய படலம் ஒன்றை வேண்டுமென்றே விட்டு வைத்திருந்தோம், காப்பாக. நிருபமாவின் திட்டம் எளிமையானது. முதலில் அந்த இடத்தைச் சுற்றி, தள்ளி, பெரிய பீமால் நாலு மூலையிலும் அடையாளம் வெட்டுவது. பிறகு சின்ன பீமுக்கு மாறி, இடத்தின் மேல் பிளாட்டினம் போர்த்துவது. அதற்கப்புறம் பக்கவாட்டில் குழி தோண்டி, மெல்ல மெல்ல இழைத்துக்கொண்டே போய், வெட்டு முகத்தைப் படம் எடுப்பது. பிளாட்டினம் விழுந்துவிட்டால் பாதி ஜெயித்தாயிற்று, அப்புறம் மேலே எது பட்டாலும் தாங்கும்.

"மூணு நானோ" என்றாள் நிருபமா.

"மூணு நானோ, போ" என்றான் க்ளென்.

ஒரு மூலை, இரண்டாவது மூலை, பொறுமையாகப் போய்க்கொண்டிருந்தது. ரித்விக்குக்கு ஆபீசிலிருந்து போன் மேல் போன். அந்த அறைக்குள் போன் கூடாது, மெஷினுக்கு ஆகாது. க்ளென் அவனை வெளியே கூட்டிக்கொண்டு போனான். போகும்போது, "மார்க் முடிஞ்சா கூப்பிடு நிரு, பிளாட்டினத்துக்கு நான் வந்துடறேன், என்னா?" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே உட்கார்ந்து அடுத்த சிப்புக்கு ஸ்டாண்டு துடைத்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் நிருபமா தலையை நீட்டி, "மாமி, மார்க் ஆய்த்து. க்ளென்னைக் கூப்பிடறேளா?" என்றாள். எழுந்து போனேன்.

உள்ளே அப்புறம் நடந்ததை நிருபமாவும் லாவண்யாவும் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள். ஒரு வார்த்தை மாறவில்லை.

லாவண்யா கேட்டாளாம், "மேடம், அந்த இடத்தை நான் ஒரு தடவை பாக்கலாமா? எதுக்காக இவ்ளோ அலையறேன்னு நானும் பாத்துக்கறேனே."

சின்ன பீமில் ஒரு பார்வை பார்ப்பதில் தப்பே இல்லை. எல்லோரும் செய்வதுதான். அதே மெஷினில் எலெக்ட்ரானை விட்டு, தோண்டாமல் பார்க்கிற இன்னொரு திரையும் உண்டு, அதில் காட்டியிருக்கலாம். ஆனால் மேலே கண்ணாடிப் படலம் இருப்பதால் அதில் வெறும் வெளிச்சம்தான் தெரியும், இவளுக்கு ஒன்றும் புரியாது; அயனித் திரை என்றால் கோடுகளின் மேடாவது தெரியும். பாவம், ஆசைப்பட்டுக் கேட்கிறாள். நிருபமா அயனித் திரையைத் தொட்டு, அந்த இடத்துக்கு நகர்த்தி, நன்றாகப் பெரிதாக்கி, ஸ்டார்ட்டை அழுத்தினாள்.

எண்ணைச் சொல்லவில்லை. திருப்பிச் சொல்ல ஆள் இல்லாத இடத்தில் யாரிடம் சொல்வது?

சாம்பல் நிறத்தில் படம் வந்தது. இரண்டு பட்டைக் கோடுகள். நடுவில் முதலில் ஒன்றுமில்லை. பிறகு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே, வெள்ளையாக ஒரு இழை மேலே எழுந்து வந்தது. ஒரு கோட்டிலிருந்து இன்னொரு கோட்டுக்கு, புடவை ஓரத்தில் பிரிந்து நிற்கும் நூல் மாதிரி, கொஞ்சம் வளைந்து.

"மேடம்! அதுவா?"

"அதுதான். அதேதான்! பாரு, ஃபாக்டரிலயே விட்டுட்டான். பாரு பாரு!"

லாவண்யா சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புச் சத்தம் காரிடாரில் எனக்குக் கேட்டது. பின்னால் க்ளென்னும் ரித்விக்கும் வந்துகொண்டிருந்தார்கள். நல்ல செய்தி என்று நினைத்துக் கதவைத் திறந்தேன். திறந்தபோது திரையில் நானும் ஒரு விநாடி ஏதோ வெள்ளையாகப் பார்த்தேன், சத்தியமாகப் பார்த்தேன். ஆனால் தூரத்திலிருந்து பார்த்த கிழவியின் கண் யாருக்குக் கணக்கு? இழை நடுவில் மெலிந்தது. இரண்டாகப் பிரிந்தது. இரண்டு பக்கமும் கரைந்து கோட்டோடு கோடாகப் போய்விட்டது.

நிருபமா படத்தை நிறுத்தினாள். நின்ற படத்தில் இரண்டு கோடுகளும், நடுவில் சுத்தமான பள்ளமும் இருந்தன.

"அது எப்படி மேல வந்துச்சு?" என்று தனக்குத்தானே கேட்டாள். "மேல படலம் இருந்துதே. எப்படி வந்துச்சு?" அப்புறம்தான் திரையின் மூலையைப் பார்த்தாள். மூன்று நானோ. அடையாளம் வெட்டின தட்டு அப்படியே நின்றிருந்தது. கண்ணாடியைத் தின்றுவிட்டு, அது இழையைக் காட்டியிருக்கிறது. காட்டிக்கொண்டே தின்றிருக்கிறது.

"நானோல இருக்கு மாமி" என்றாள். குரல் சின்னக் குழந்தை மாதிரி இருந்தது. "நானோலயே இருந்துருக்கு."

லாவண்யாவுக்கு இன்னும் புரியவில்லை. "படம் எடுத்துட்டீங்களா மேடம்?"

எடுக்கவில்லை. ஓடுகிற படம் எங்கேயும் சேராது. நிறுத்தி, சேமித்தால்தான் உண்டு. சேமிக்கக் கையில் இருந்தது பள்ளம் மட்டும்தான்.

க்ளென் திரையைப் பார்த்தான், மூலையைப் பார்த்தான், நிருபமாவைப் பார்க்கவில்லை. "ஏ கடவுளே" என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். ரித்விக் கதவருகே நின்றான்.

"இருந்துச்சு சார்" என்று லாவண்யா அவனிடம் போனாள். "நாங்க ரெண்டு பேரும் பாத்தோம் சார். வெள்ளையா நூல் மாதிரி. மேடமும் பாத்தாங்க. நீங்க இன்னும் கொஞ்சம் சீக்கிரம் வந்திருந்தா நீங்களே பாத்திருப்பீங்க."

"நான் பாக்கலையேம்மா" என்றான் அவன். அதைச் சொல்ல அவனுக்கும் கஷ்டமாக இருந்தது.

அப்புறம் நடந்தது அதைவிட மோசம். விதிப்படி சிப்பைத் திரும்ப பெஞ்சில் வைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். ஓட்டினோம். ஒழுங்காக ஓடியது. சூடாக்கி ஓட்டினோம். ஒழுங்காக ஓடியது. சூட்டுக் காமிராவில் புள்ளி இல்லை. சாயங்காலம்வரை விட்டுப் பார்த்தோம், ஒரு தடவைகூடப் பிசகவில்லை. இரண்டு கோடுகளின் ஓரம் கொஞ்சம் தேய்ந்ததே தவிர அறுந்துபோகவில்லை. இணைத்துக்கொண்டிருந்த இழை மட்டும் போய்விட்டது. எங்களிடம் வேறு சில கம்பெனிக்காரர்கள் இதற்கென்றே சிப் அனுப்புவார்கள். தப்பாகப் போட்ட இணைப்பைப் பீமால் வெட்டிச் சரி செய்து கொடுங்கள் என்று.

"ரிப்பேர் ஜாப்னா இது ஏ-ஒன் வேலை மேன்" என்றான் க்ளென். கண் கலங்கியிருந்தது அவனுக்கு. ஆளைக் கொன்ற சிப்பை நாங்கள் சரிசெய்துவிட்டோம்.

ரித்விக் போன பிறகும் லாவண்யா போகவில்லை. மெஷின் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், நீல உறை காலில் அப்படியே. நிருபமா அவளுக்கு எதிரில் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"தப்பு என்னுது லாவண்யா. நம்பரைப் பாக்காம அழுத்திட்டேன்."

லாவண்யா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம்கூட இல்லை அந்த முகத்தில்.

"அதைத்தான் மேடம் என்னைச் சொல்றாங்க. நம்பரைப் பாக்காம அழுத்திட்டேன்னு. நான் பாத்தேன் மேடம். நான் நிஜமாவே பாத்தேன்."

நிருபமா கமிட்டியில் போய் உள்ளதை உள்ளபடி சொல்வதாகச் சத்தியம் செய்தாள். இடம் வேலையில் வீணாகிவிட்டது என்று பொதுவாக எழுதிவிடலாம் என்று மேலிடத்தில் சொல்லிப் பார்த்தார்கள். அவள் கேட்கவில்லை. இழை இருந்தது, நான் என் கண்ணால் பார்த்தேன், என் தப்பால் அழிந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். உண்மையைச் சொன்னால் பாதியாவது காப்பாற்றலாம் என்று நானும் நம்பினேன். அவளோடு கமிட்டிக்கு நானும் போனேன். லாவண்யாவின் அப்பா அர்ஜுனன் வெளியே படிக்கட்டில் கம்பெனி யூனிஃபார்மோடு உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார். நிருபமாவால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

உள்ளே பம்ப் கம்பெனி வக்கீல் சத்தமே போடவில்லை. ரொம்ப மரியாதையாகத்தான் பேசினார்.

"மேடம், இந்த மெஷின்ல உங்களுக்கு நல்ல அனுபவம், இல்லையா?"

"ஆமா."

"எண்ணைப் பார்த்துட்டுத்தான் அழுத்தணும்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"சத்தமா சொல்லணும்னு பழக்கமே இருக்கு. இருந்தும் அன்னைக்கு நீங்க பாக்கல. வேணும்னு செய்யல, சோர்வுகூட இல்ல. பக்கத்துல இன்னொரு ஆள் இல்ல, அவ்வளவுதான்."

"ஆமா."

"அழுத்தும்போது சரியான எண்ணுலதான் இருக்குன்னு மனசார நம்பினீங்க."

எங்கே கொண்டுபோகிறார் என்று நிருபமாவுக்குப் புரிந்துவிட்டது.

"அப்போ, மூணு வார்டைத் தனியா பார்த்துக்கிட்டிருந்த ஒரு சின்னப் பொண்ணு, பார்த்தேன்னு மனசார நம்பிக்கிட்டே பாக்காம அழுத்தியிருக்கலாம், இல்லையா? நான் அவங்களைப் பொய் சொல்றாங்கன்னு சொல்லவே இல்லையே. மனுஷங்களுக்கு நடக்கறதுதானே. உங்களுக்கே நடந்திருக்கே."

அவ்வளவுதான். இழையைக் கண்ணால் பார்த்த சாட்சி மொத்தம் இரண்டு பேர். ஒருத்தி குற்றம் சாட்டப்பட்டவள். இன்னொருத்தி பார்க்காமல் அழுத்துகிறவள். முதலில் தெரிந்த சூட்டுப் புள்ளியையும் அந்த ஒரு தடவை பிய்த்துக்கொண்டு ஓடியதையும் டெஸ்ட் ஒயர் கோளாறாக இருக்கலாம் என்று ஒதுக்கிவிட்டார்கள். சிப் நன்றாக ஓடுகிறது என்பதற்கு ரித்விக்கின் டெஸ்ட் இருந்தது, அதில் க்ளென்னும் கையெழுத்துப் போட்டிருந்தான். போடாமல் எப்படி இருப்பான், ஓடத்தானே செய்தது. லாவண்யாவின் பதிவை எடுத்துவிட்டார்கள். போலீஸ் கேஸில் அஜாக்கிரதை என்று ஒத்துக்கொண்டால் ஜெயில் இல்லாமல் முடித்துவிடலாம் என்று அவள் வக்கீலே சொன்னார். அர்ஜுனன், "ஒத்துக்கோ கண்ணு, வீட்டுக்கு வந்துடு" என்றார். ஒத்துக்கொண்டாள். செய்யாததைச் செய்தேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தவள் நிருபமாவைத் தேடி வந்து, "நீங்க வேலையை விட்றாதீங்க மேடம்" என்றாள். நிருபமா விட்டுவிட்டாள். இப்போது வீட்டில்தான் இருக்கிறாள். போன் பண்ணினால் எடுப்பதில்லை. ஒருநாள் நேரில் போனேன். காபி கலந்து கொண்டுவந்து வைத்தாள், அடுப்பை அணைத்தோமா என்று எழுந்து எழுந்து போய்ப் பார்த்தாள். நான் உட்கார்ந்திருந்த அரைமணிக்குள் எத்தனை தடவை போனாள் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

போன மாதம் என் வீட்டுக்காரர் வெங்கடராமனை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அவருக்கு மூச்சுத் திணறல், ஹார்ட் கொஞ்சம் வீக். நல்ல ஆஸ்பத்திரிதான், குறை சொல்லக் கூடாது. மத்தியானம் ஒரு நர்ஸ் பெண் வந்து கட்டிலோரக் கம்பியில் ஒரு பெட்டியை மாட்டினாள். பச்சை எண். அதே கம்பெனி, அதே மாடல். ஏன் இருக்காது? கோளாறு இல்லை என்று ஆகிவிட்டதே. அந்த வரிசையில் செய்த பம்ப் எத்தனையோ, எந்தெந்தக் கட்டிலோரத்திலோ. ஒன்றையும் கம்பெனி திரும்பப் பெறவில்லை.

"அம்மாடி, நம்பரைக் கொஞ்சம் சத்தமா சொல்றியா?" என்றேன்.

"எதுக்கு பாட்டி?"

"சும்மா. எனக்காக."

"நாலு" என்றாள் அலுத்துக்கொண்டு.

நான் எழுந்து கிட்டே போய்த் திரையைப் பார்த்தேன். "நாலு. போ" என்றேன். அந்தப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, ஸ்டார்ட்டை அழுத்திவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டது. தனியாகத்தான் இருந்தது அதுவும்.

எண் சரிதான். அதுதான் பயம். லாவண்யாவின் எண்ணும் சரியாகத்தான் இருந்தது.

மனசு கேட்காமல் லாவண்யாவுக்கே போன் போட்டேன். ஹெப்பகோடியில் அப்பா கம்பெனியிலேயே பேக்கிங்கில் சேர்ந்திருக்கிறாள். பின்னால் டேப் கிழிக்கிற சத்தம் சரக் சரக் என்று கேட்டது.

"சொல்லுங்கம்மா, நல்லா இருக்கீங்களா? நிருபமா மேடம் எப்படி இருக்காங்க?"

விஷயத்தைச் சொன்னேன். டேப் சத்தம் நின்றது.

"என்ன மருந்தும்மா? பாட்டில்ல பேர் படிங்க." படித்தேன். "ஐயாவுக்கு வயசு? எடை? கிட்னி எப்படி?" கேள்வி மளமளவென்று வந்தது. குரலே மாறிவிட்டது. அந்தக் குரலை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. வார்டில் அவள் இப்படித்தான் இருந்திருப்பாள். "திரையைப் பாக்காதீங்கம்மா. அது என்ன வேணா காட்டும். பாட்டிலுக்குக் கீழ ட்யூப்புல சொட்டு விழுதில்ல, அதைப் பாருங்க. அது ஒரே மாதிரி மெதுவா விழணும். வேகம் ஆச்சுன்னா உடனே..."

நின்றுவிட்டாள்.

"உடனே என்னம்மா பண்ணணும்? சொல்லு."

பின்னால் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். லோடு வந்துவிட்டது போலிருக்கிறது.

"நான் இப்ப நர்ஸ் இல்லீங்கம்மா" என்றாள் மெதுவாக. "நான் சொல்லக் கூடாது. அங்க இருக்கிற சிஸ்டரைக் கூப்பிடுங்க."

போனை வைத்துவிட்டாள். நான் நாற்காலியைக் கட்டிலுக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு ட்யூபைப் பார்க்க ஆரம்பித்தேன். சொட்டு விழுந்தது. அடுத்தது திரண்டு, தொங்கிக்கொண்டிருந்தது.